காக்கை வந்த பிறகு மாத்திரை

மாத்திரை நேரத்துக்கு மணி அடிக்கும்படி என் கைபேசியில் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறாள் மகள். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து, "சாப்பாட்டுக்கு முன்னாடி, மறக்காதீங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லி ஓய்வு பெற்றவள் நான். இப்போது எனக்கு ஒரு கருவி சொல்கிறது. என் சிறுவயதில் எங்கள் இரும்புலியூர் வீட்டில் இந்த வேலையை ஒரு காக்கை பார்த்தது.

மனைவியை இழந்த பெரியப்பா, ரயில்வே சிக்னல் பிரிவில் ஓய்வு பெற்று, சர்க்கரை நோயோடு எங்களுடன் வந்து தங்கியிருந்தார். விதிக்கு விலக்கு கிடையாது என்பது அவர் கொள்கை. காலை எட்டு மணிக்கு மாத்திரை என்று டாக்டர் சொல்லியிருந்தார், போட்டுக்கொள்வார். அமாவாசையன்று படையலைக் காக்கை எடுக்கும்வரை சாப்பிடக்கூடாது என்று அவருடைய அப்பா சொல்லியிருந்தார், அதையும் காப்பார். இரண்டு விதிகளும் ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வரக்கூடும் என்று சிக்னல்காரருக்குத் தோன்றவில்லை.

அம்மா அவரிடம் நேராகப் பேசமாட்டாள். கணவருடைய அண்ணன் என்ற மரியாதை. எதிரிலேயே நின்றாலும் பேச்சுவார்த்தை என் வழியாகத்தான் நடக்கும்.

அன்று ஆடி அமாவாசை. அப்பா ஆபீஸ் போயிருந்தார். உச்சி வெயிலில் மதிலருகே நின்று நான் "கா, கா" என்று கத்திக்கொண்டிருந்தேன். காலனியில் எல்லா மதில்களிலும் சோறும் வடையும் இருந்தன. வயிறு முட்டிய காக்கைகள் வேப்பமரத்தில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன.

வாசற்படியில் இருந்த பெரியப்பாவுக்கு வியர்வை ஊற்றியது. திடீரென்று என்னிடம், "அப் லைன்ல வண்டி நிக்குது. யார் நிறுத்தினது?" என்றார். விளையாடுகிறார் என்று நான் சிரித்தேன்.

அம்மா வெளியே வந்து பார்த்தாள். "பெரியப்பாவைப் பாயசம் குடிக்கச் சொல்லுடி."

"காக்கா இன்னும் எடுக்கலைன்னு சொல்லு," என்றார் அவர், குழறியபடி.

அம்மா உள்ளே போய்ப் படையலில் வைத்த பாயசத்தையே எடுத்து வந்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வாயைத் திறங்க. உங்க அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் திறந்தார்.

மாலையில் டாக்டர் வந்தார். "மாத்திரையைப் போட்டுட்டுப் பட்டினி கிடந்தா சர்க்கரை அப்படியே இறங்கிடும் சார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டீங்க."

"எட்டு மணின்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் பெரியப்பா. அமாவாசையை விடுவதாகவும் அவர் இல்லை.

மறுநாள் மாத்திரை டப்பா அடுப்படிக்கு, அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் குடிபெயர்ந்தது. அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு கைப்பிடி சோறு மதிலுக்குப் போனது. மழை பெய்தாலும் போனது. அவளுக்குக் காய்ச்சல் என்றாலும் போனது. "திடீர்னு என்ன இவ்வளவு பக்தி?" என்று அப்பா கேலி செய்தார். அம்மா சோற்றுக் கிண்ணத்தோடு மதிலுக்குப் போனாள்.

அடுத்த அமாவாசைக்கு இருட்டோடு எழுந்து சமைத்து, எட்டு மணிக்கெல்லாம் படைத்துவிட்டாள். மதிலில் சோற்றை வைத்து நான் ஒரு முறைதான் கூப்பிட்டேன். காக்கை இறங்கிக் கொத்தியது.

"இப்ப மாத்திரையைக் குடுடி. அரை மணியில இலை போடறேன்னு சொல்லு," என்றாள் அம்மா, பழையபடி என் வழியாக.

டாக்டர் சொன்னதும் மீறப்படவில்லை, தாத்தா சொன்னதும் மீறப்படவில்லை. பெரியப்பா திருப்தியாக மாத்திரையை விழுங்கிவிட்டு, "உன் குரலுக்கு நல்ல ராசிடி," என்றார்.

அதற்குப் பிறகு எந்த அமாவாசையிலும் அவருக்கு மயக்கம் வரவில்லை. காக்கை என் குரலுக்குத்தான் கட்டுப்படுகிறது என்று தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். தினமும் எட்டு மணிக்கு மதிலோரம் நின்ற அம்மா காக்கைக்குச் சோறு போடுவதாகத்தான் நினைத்திருந்தேன்.