ஸ்பேமில் கிடந்த மூன்று கடிதங்கள்

கப்பல் வேலைக்கான படிப்பை முடித்துவிட்டுத் தூத்துக்குடியில் காத்திருந்த நாட்கள். லாட்டரிப் பரிசு, கடன், ஆன்லைன் ரம்மி என்று என் மெயிலில் தினமும் குப்பை வந்து குவியும். கூடப் படித்த செல்வின், "பாஸ்வேர்டைச் சொல்லுலே, நான் சரி பண்ணித் தாரேன்" என்றான். எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். சொன்னேன். மறுநாளே தொல்லை நின்றது.

நாங்கள் இருவரும் ஒரே கப்பல் கம்பெனிக்கு விண்ணப்பித்திருந்தோம். அவனுக்கு மட்டும் வேலை கிடைத்தது. ரயில் நிலையம் வரை அவன் பெட்டியைத் தூக்கிச் சென்று வழியனுப்பியவன் நான்தான்.

அடுத்த வாரம் ஏதோ ரசீதைத் தேடி, குப்பை மெயில்கள் போய்ச் சேரும் ஸ்பேம் பகுதியைத் திறந்தேன். அந்தக் கம்பெனி எனக்கு அனுப்பிய மூன்று கடிதங்கள் அங்கே கிடந்தன. 'உங்களிடமிருந்து பதில் இல்லாததால் அடுத்தவரை எடுத்துக்கொண்டோம்' என்றது கடைசிக் கடிதம். செல்வின் தடுத்து வைத்த முகவரிகளைப் பார்த்தேன். கம்பெனியின் முகவரியும் அதில் இருந்தது.

செல்வினுக்குப் போன் செய்து கேட்டேன். "வெயிட்டிங் லிஸ்ட்ல மொதப் பேரு என்னோடதுலே. எங்க வீட்டு நெலம உனக்குத் தெரியும்லா" என்றான்.

தெரியும். கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் அவன் என்னிடம் கேட்டிருக்கலாம்.