குளத்துக்கு வெந்நீர்

பூச்சாடியின் அழுகிய நீரை இன்று கொட்டியபோது குமட்டிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், என் சிறுவயதில், அடையாற்று வீட்டுக் குளத்தில் பெரியப்பா அயல்நாட்டுப் பேரல்லி வளர்த்தது நினைவில் எழுந்தது. குளிர்நாட்டுத் தோட்டக்கலை நூலொன்றை நம்பி, சித்திரையிலும் குளத்தில் அண்டா அண்டாவாக வெந்நீர் ஊற்றுவித்தார்.

"ஏன்னா, இந்த வெயில் போறாதா? குளத்துக்கு வெந்நீர் ஸ்நானம் வேறயா?" என்றார் பெரியம்மா.

"புஸ்தகத்துல போட்டிருக்குடி!"

முதல் மலரைக் காணத் தம் அலுவலக எழுத்தர்களை அழைத்திருந்தார். அன்று மாலை மீன்கள் செத்து மிதந்தன. தாம்பாளம் போன்ற இலைகள் கொழகொழத்தன. மொட்டு கறுத்துச் சளியாய் ஒழுகிற்று.

"அன்னாசி வாசனை வரும்னு போட்டிருக்கான். வரதோ?" என்றார் பெரியப்பா.

"பேஷா வரது, சார்!" என்று பதவி உயர்வுக்குக் காத்திருந்த எழுத்தர்கள் நெஞ்சு நிறைய மூச்சிழுத்தனர்.

நான் அங்கேயே வாந்தியெடுத்தேன். அந்த அழுகலைக்கூட மன்னித்துவிட்டேன். அந்த மூச்சிழுப்பை நினைத்தால் இன்றும் அருவருக்கிறது.