அருண் ஏறும் ஒரே வண்டி

தை பிறந்தும் பனி விலகாத ஒரு காலையில் பத்மாவின் கணவர் சங்கரன் அண்ணன் திருநெல்வேலியிலிருந்து கூப்பிட்டார். பின்னால் கல்யாண வீட்டு மேளம். "விஜி, பத்மா போயிட்டாளாம். ஆஸ்பத்திரியில இருந்து இப்பதான் சொன்னாங்க. பய வண்டிக்குள்ளயே இருக்கானாம். கொஞ்சம் ஓடும்மா." மனைவிக்காக அழக்கூட அந்த மனிதருக்கு நேரமில்லை.

நெஞ்சு வலியோடு அவளே வண்டி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். தில்லி துவாரகாவில் என் வீடு அவள் வீட்டுக்கு அடுத்த பிளாக். ஒரு போன் போதும், ஓடியிருப்பேன். இத்தனை வருடம் ஒரே அலுவலகம், ஒரே வண்டி, ஒரே டிபன் டப்பா. அந்த உரிமையில் சொல்கிறேன், அவள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்பது தெரிந்தும் தீரவில்லை.

காரணம் அருண். இருபதைத் தாண்டிய பிள்ளை, ஆட்டிசம். அம்மாவின் வண்டியைத் தவிர வேறு எதிலும் ஏற மாட்டான். வண்டி குலுங்கினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். அவனைத் தனியாகவோ என்னிடமோ வீட்டில் விடவும் முடியாது, ஆம்புலன்ஸில் ஏற்றவும் முடியாது. அதனால் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட் போட்டுவிட்டு, பனியில் விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்த வண்டியில் போனவர்கள், அலுவலக நண்பர்களே, உங்களில் பலர் உண்டு. முன் இருக்கை அருணுடையது. மந்திரியே வந்தாலும் பின்னால்தான். முதலில் அவனை அவனுடைய பகல் பள்ளியில் இறக்கிவிட்டு, பிறகுதான் நாம் அலுவலகம் போவோம். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் மிதித்தால் பறக்கும் என்று நினைத்து ஏறியவர்கள் ஏமாந்துபோவோம். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே காலை எடுத்துவிடுவாள். பின்னால் வண்டிகளில் வருகிற தில்லிப் பையாக்கள் ஹாரனைக் கிழிப்பார்கள். "அங்க சிவப்பு எரியுதுல்லா? ஓடிப் போயி நிக்கதுக்கு எதுக்குட்டி பெட்ரோலு?" என்பாள்.

ஒரு நாள் மேம்பால இறக்கத்தில் நான் சாமர்த்தியம் காட்டினேன். நியூட்ரலில் தள்ளிவிட்டால் பெட்ரோல் மிச்சமாகுமே என்றேன். வண்டியை விட்டே இறக்கிவிடுவாள் போலப் பார்த்தாள். "அது கியர் வண்டிக்காரங்க புத்தி. இதுல கியரு ஓடுத 'டி'யிலயே கிடக்கட்டும். காலை எடுத்தா எஞ்சினே பெட்ரோலைக் குறைச்சுக்கிடும். உருளும்போது நியூட்ரல்ல விட்டா கியர் பாக்ஸுக்குள்ள எண்ணெய் சரியா ஓடாது. காய்ஞ்சு செத்துப்போவும்." ரிவர்ஸ் எடுத்த வண்டி முழுசாக நிற்காமல் 'டி'க்கு வராது. நிறுத்தும்போதும் முதலில் கைபிரேக், அப்புறம்தான் 'பி' என்கிற பார்க்கிங் கியர். வண்டியின் பாரம் கியர் பல்லில் தொங்கக் கூடாதாம். பச்சைக் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல் ஓட்டுகிறாய் என்று கேலி செய்வோம். அவளும் சிரிப்பாள். "வண்டி நின்னது கண்ணை மூடியிருக்கவனுக்குத் தெரியப்படாது" என்பாள். பிரேக்கைக் கடைசி நொடியில் துளி தளர்த்துவாள். அருணின் தலை அசையாது.

பெட்ரோல் மிச்சமெல்லாம் எங்களுக்குச் சொன்ன கதை. உண்மையை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சங்கரன் அண்ணன் ஆசைப்பட்டாரென்று புது வண்டி பார்க்கப் போனோம். ஷோரூமில் பளபளவென்று நின்ற வண்டியைப் பார்த்ததும் அருண் தரையில் படுத்துவிட்டான். விற்பனைக்காரர்கள் பதறிப்போனார்கள். பத்மா பதறவில்லை. அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னாள்: "இந்தப் பழைய வண்டி எனக்குப் பொறவும் ஓடணும்ட்டி விஜி. இது நின்னா இவன் வீட்டுக்குள்ளயே கிடப்பான்."

அந்தக் காலையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் வண்டி கோட்டுக்குள் நேராக நின்றது. கைபிரேக் இழுத்திருந்தது. கியர் 'பி'யில் இருந்தது. உயிர் போகிற வலியிலும் வரிசை மாறவில்லை. விளக்கை அணைக்க மட்டும் மறந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அண்ணனின் எண்ணைக் கண்டுபிடித்து, அவர் என்னைக் கூப்பிட்டு, நான் போய்ச் சேருவதற்குள் பேட்டரி செத்துப்போயிருந்தது. அருண் பெல்ட்டைக் கழற்றவில்லை. "மா ஆயேகி" என்றான், அம்மா வருவாளாம்.

நான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதற்குள் சங்கரன் அண்ணனின் தம்பி முருகேசன் தன் டெம்போவோடு வந்துவிட்டார். பாவம், நல்ல மனுஷன். அம்மாவை வெள்ளைத் துணியில் கொண்டுவரும்போது பிள்ளை பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அவன் இறங்க மறுத்ததால், அவனை உள்ளே வைத்தபடியே கயிறு கட்டி, நியூட்ரலில் போட்டு, டெம்போப் பையனை ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லி, துவாரகா வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். வாழ்நாளெல்லாம் டெம்போவும் லாரியும் இழுத்த கை. நான் வெளியே வந்தபோது அந்த இடம் காலியாக இருந்தது.

காரியம் முடிந்த பிறகு புது பேட்டரி போட்டார்கள். எஞ்சின் முதல் சாவியிலேயே உறுமியது. 'டி'யில் போட்டால் வண்டி நகரவில்லை. அடியில் குனிந்து பார்த்த மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "ஆட்டோமேட்டிக் காடி கோ ரஸ்ஸீ ஸே கோன் கீஞ்ச்தா ஹை, சாப்?" ஆட்டோமேட்டிக்கை யாராவது கயிறு கட்டி இழுப்பார்களா? எஞ்சின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றியதில் எண்ணெய் ஏறாமல் உள்ளே எல்லாம் தேய்ந்து கருகிவிட்டதாம். இந்த மாடலே இப்போது வருவதில்லை. கியர் பாக்ஸுக்கு எங்கே போவது? முருகேசன் சுவரில் சாய்ந்து அழுதார். "எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமாத் தெரியாது" என்றார். யாரைத் திட்டுவது? எல்லோரும் நல்லதைத்தான் செய்தார்கள். இத்தனை வருடம் அவள் பொத்திப் பொத்திக் காத்தது, அவளுக்காக ஓடி வந்தவர்கள் கையிலேயே ஒரு பொழுதில் போய்விட்டது.

அருண் அதற்கப்புறம் பள்ளிக்குப் போகவில்லை. தினமும் காலையில் தயாராகிக் கீழே வந்து, ஓடாத அந்த வண்டியில் முன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்கிறான். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருக்கிறான். சில சமயம் சன்னக் குரலில் "தீரே, மா, தீரே" என்கிறான்; மெதுவா, அம்மா, மெதுவா. நிற்கிற வண்டியை இன்னும் எவ்வளவு மெதுவாக ஓட்டுவது? அண்ணன் மாடியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். நல்லபடியாக முடியும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கடைசித் துளி பிரேக் மட்டும்தான். என்னிடமும் ஓர் ஆட்டோமேட்டிக் இருக்கிறது. இப்போது அவளைப்போலவே ஓட்டுகிறேன். பக்கத்து இருக்கையில் தண்ணீர் பாட்டிலை நிறுத்தி வைத்துப் பழகுகிறேன்; சாயாமல் நிற்கிறது. தினமும் அவன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கைபிரேக் இழுத்து, 'பி'யில் போட்டு, இறங்கிக் கதவைத் திறந்து வைக்கிறேன்.

நேற்றும் திறந்தேன். அருண் என்னைப் பார்த்தான். பிறகு தன் பெல்ட்டை ஒரு முறை இழுத்துச் சரிபார்த்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.