ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதேகாலுக்கு முடித்த மணிக்கூடு

"எழும்புங்க மதினி. திங்கக்கெழமையிலிருந்து இந்த மேசைக்குக் கலகெதரயில இருந்து ஒரு ஆளு வாராரு."

மூக்கையா இதைக் கடைக்குள் வைத்துச் சொல்லவில்லை. வாசல்படியில் நின்று, பாணுக்கு வரிசையில் நின்ற நாற்பது ஐம்பது பேருக்கும் கேட்கச் சொன்னான். எழுபத்து நான்காம் ஆண்டு தை மாதம். மாவுத் தட்டுப்பாட்டில் கண்டி நகரத்தின் எந்தப் பேக்கரி வாசலிலும் அப்படித்தான் கூட்டம். மூக்கையாவின் மணிக்கூடு திருத்தும் கடை பேக்கரியின் பாண் சுடும் போறணைச் சுவரை ஒட்டி இருந்ததால், அங்கே நடப்பதையெல்லாம் வரிசையில் நின்றவர்கள் ஓசியில் பார்த்தார்கள்.

திருத்தும் மேசையில் உட்கார்ந்திருந்த சுப்பம்மா எழும்பவில்லை. கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் முன்வரிசையில் நின்றவர் ஓரடி பின்னால் போனார்.

இத்தனைக்கும் காரணம் எதிரே நின்ற வீரசிங்கம். கச்சேரி என்னும் அரசாங்கக் காரியாலயத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். வீடு ஹந்தானைச் சரிவில். மூன்று சாவித் துளை உள்ள, கால் மணிக்கொரு தரம் பாட்டுப் பாடும் தன் மணிக்கூட்டைக் கட்டில் சீலையில் சுற்றி மூன்றாவது தடவையாகத் தூக்கி வந்திருந்தார்.

"விடிய நாலு மணிக்கு இழுக்குது, அஞ்சு மணிக்கு முனகுது, ஆறு மணிக்கு ரெண்டு சத்தம் போட்டிட்டு நிண்டிடுது. மிச்சப் பாட்டை ஒன்பதேகாலுக்குப் பாடி முடிக்குது. இது மணிக்கூடோ, இல்லாட்டி கச்சேரிப் பியோனோ?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. சுப்பம்மா மணிக்கூட்டை நிமிர்த்தி வைத்து முள்ளை நகர்த்தினாள். அது ஒரு சுருதி பிசகாமல் பாடியது.

"இஞ்சை பாடும்! உம்மைக் கண்டால் பாடும், பிள்ளை. வீட்டை வந்தால்தான் அதுக்குத் தொண்டை கட்டுது."

"பொம்பளக் கை ஐயா, மன்னிச்சுக்குங்க" என்றான் மூக்கையா. அதற்குப் பிறகுதான் அந்த 'எழும்புங்க'.

பொம்பளைக் கை. அந்தக் கைதான் பதினான்கு வருடமாகக் கடையை ஓட்டியது. சுப்பம்மா ஹந்தானைத் தோட்டத்தில் பிறந்தவள். மூக்கையாவின் அண்ணன் ராஜலிங்கத்தைக் கட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்தாள். ராஜலிங்கத்துக்குக் கண் பார்வை மங்கியபோது அவர் முன்னால் உட்கார்ந்து வாடிக்கையாளரோடு பேசினார். தட்டிக்குப் பின்னால் பல்லுச் சில்லுகளைக் கழற்றிப் பூட்டியது இவள். அவர் இறந்த பிறகு கடை மூக்கையா பெயருக்குப் போனது. மேசை மட்டும் இவளிடம் இருந்தது. இப்போது அதையும் பாண் வரிசையின் முன்னால் பிடுங்குகிறான்.

"ஐயா, மணிக்கூட்டக் கொண்டு போங்க" என்றாள். "எப்பவும் வைக்கிற எடத்துலயே வைங்க. நாளைக்கு விடிய நான் அங்க இருப்பேன்."

"என்னத்துக்கு?"

"அது நிக்கிறத என் கண்ணால பாக்கணும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. முதல் பஸ்ஸில் ஏறி, பனியில் நனைந்த சால்வையோடு அவர் வீட்டுப் படியேறியபோது மணி ஐந்தே முக்கால். வழியெல்லாம் மனதுக்குள் வீரசிங்கத்தைத் திட்டிக்கொண்டே வந்தாள். சரிந்த அலுமாரியில் வைத்திருப்பார். முள்ளைப் பின்னுக்குத் திருப்பியிருப்பார். கச்சேரி மூளைக்கு வேறென்ன தெரியும்? ஆனால் அலுமாரி நேராக நின்றது. அதன் மேல் மணிக்கூடும் நேராக நின்றது.

ஆறு மணி. இரண்டு சத்தம். மூன்றாவது சத்தத்துக்குத் தூக்கிய சின்னச் சுத்தியல் அந்தரத்திலேயே நின்றது.

"பாத்தீரோ!" என்றார் வீரசிங்கம், ஏதோ வென்றவர்போல.

"பேசாம இருங்க ஐயா." அவள் மணிக்கூட்டின் பின்கதவைத் திறந்து டோர்ச் அடித்தாள். சுத்தியல்கள் எங்கும் உரசவில்லை. சுருள்வில் முழுமுறுக்கில் இருந்தது. அங்கிருந்து சில்லுச் சில்லாக மேலே பார்த்துக்கொண்டு போனாள். ஒவ்வொன்றும் அடுத்ததைத் தள்ளக் காத்திருந்தது. கடைசியில், பாட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்னக் காற்றாடி. வில்லின் பலம் அது வரை வந்து சேரும்போது ஊதினால் நிற்கும் அளவுக்குத்தான் இருக்கும். ஈர்க்கு நுனியால் தொட்டாள். அரைச் சுற்றுப் போய்ச் சேற்றில் புதைந்ததுபோல நின்றது. அச்சுத் துளையைச் சுற்றி, எண்ணெய் நிற்கும் குழியில், வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

ஊசியால் கிள்ளி நகத்தில் வைத்தாள். உருகியது.

வீரசிங்கத்தின் மனைவி ஞானேஸ்வரி குனிந்து பார்த்தார். "இது தேங்காயெண்ணெயெல்லோ!"

கண்டியில் யாருக்கும் தெரியாத விஷயமா அது? தை மாதம் விடிந்தால் வீட்டுக்கு வீடு தலைக்கெண்ணெய்ப் போத்தல் கட்டியாகிவிடும். அடுப்பருகே வைத்துத்தான் உருக்க வேண்டும்.

"தலைக்கு வைக்கிறதை என்ரை மணிக்கூட்டுக்கோ வைச்சனீர்?" வீரசிங்கம் கத்தினார்.

"ஆமா ஐயா. என் கைதான் வச்சிருக்கு" என்றாள் சுப்பம்மா. சொல்லும்போதே காது மடல் சுட்டது. வேறு யாரும் இதைத் திறக்கவில்லை. மேசை இழுப்பறையில் இருந்த, வெளிநாட்டு மணிக்கூட்டெண்ணெய் வந்த சின்னப் போத்தலிலிருந்து முந்திய இரண்டு தடவையும் அவளேதான் சொட்டுவிட்டாள். அப்போதே மணத்திருக்க வேண்டும். எப்படி மணக்கும்? அவளுடைய தலையிலும் விரலிலும் நாள் முழுக்க அதே வாசனைதான்.

"அக்கா, ஒரு போத்தல்ல சுடுதண்ணி ஊத்திக் குடுங்க."

அதைத் துணியில் சுற்றி மணிக்கூட்டின் பின்புறம் வைத்தாள். மூவரும் நின்று பார்த்தார்கள். ஆறே முக்கால் ஆகும்போது காற்றாடி நடுங்கியது, பிறகு சுழன்றது. ஆறு மணிக்குத் தூக்கிய சுத்தியல் விழுந்து, மிச்சப் பாட்டு முழுவதும் அறையில் ஒலித்தது.

"எங்க கடச் சுவத்துக்கு அந்தப் பக்கம் போறண. ராப்பகலா சூடு. அங்க எப்படி ஐயா இது நிக்கும்?" என்றாள் சுப்பம்மா.

ஞானேஸ்வரி தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய்க் குப்பியைக் கொடுத்தார். அதையும் மணிக்கூட்டையும் தூக்கிக்கொண்டு அவள் மலையிறங்கிய வேகத்தில் சால்வை தோளில் நிற்கவில்லை.

கடையில் மூக்கையா பல்லுக்குள் குச்சியோடு உட்கார்ந்திருந்தான். அவள் இழுப்பறையிலிருந்து போத்தலை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இத யாரு நெரப்புனது?"

"நான்தான். எண்ணெ முடிஞ்சு போச்சு. வெளிநாட்டுச் சாமான் ஒண்ணும் வரலன்னு ஊருக்கே தெரியுமே. எண்ணென்னா எண்ணெதானே மதினி?"

"எப்ப நெரப்புனீங்க?"

"தீபாவளிக்கு முந்தி."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா வேலய நிப்பாட்டுவீங்க."

"அப்ப, நான் வேலய நிப்பாட்டுவேன்னு தெரிஞ்சுதான் ஊத்திருக்கீங்க. ஊத்திட்டு, நேத்துப் பாண் வாங்க வந்தவங்க முன்னாடி என்னைய எழும்பச் சொல்லிருக்கீங்க."

"ஒரு சொட்டு எண்ணெய்க்கு இந்த ஆட்டமா?"

"ஒரு சொட்டா? தீபாவளியிலிருந்து ஒம்போது மணிக்கூடு இந்தக் கடையை விட்டுப் போயிருக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் நான் போகப் போறேன். போத்தல யாரு நெரப்புனதுன்னு சொல்லிட்டுத்தான் மணிக்கூட்டத் தொடுவேன்."

மூக்கையா குச்சியைத் துப்பினான். "கட பேரு கெட்டுப் போயிரும் மதினி."

"நேத்து எம் பேரு கெட்டுச்சே, அப்ப நீங்க எங்க போனீங்க? வாசல்லதானே நின்னீங்க!"

அவள் அன்று முழுவதும் வீரசிங்கத்தின் மணிக்கூட்டை அக்கக்காகக் கழற்றிப் பெற்றோலில் கழுவி, துளைக்குத் துளை ஈர்க்கு விட்டுத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை ஊசி நுனியால் வைத்தாள். சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு, ஹந்தானையில் அதே அலுமாரி மேல், அவள் பார்த்திருக்க அது முழுப் பாட்டையும் பாடி, ஆறு தடவை அடித்தது.

"நான் கொஞ்சம் கூடக் கதைச்சிட்டன், பிள்ளை" என்றார் வீரசிங்கம்.

"கொஞ்சம் இல்ல ஐயா."

ஞாயிற்றுக்கிழமை காலை அலவத்துகொட பஸ்ஸில் அவள் ஏறியபோது, மூக்கையா பெற்றோல் கானோடு பின்னால் ஏறினான். ஒவ்வொரு வாசலிலும் அவள் என்ன சொல்வாளோ என்ற பயத்தில் இரவெல்லாம் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நீங்க பேசாதீங்க. நானே பதவிசா சொல்லிக்கிறேன்."

"கலகெதர ஆளு என்னாச்சு?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

தேங்காயெண்ணெய் விட்ட ஒன்பதில் ஒன்று சகீனாவின் மணிக்கூடு; அவள் வீடு றோட்டிலிருந்து நாலு படி கீழே. கதவைத் திறந்ததுமே சகீனா ஆரம்பித்துவிட்டாள். "நல்ல நேரம் வந்தீங்க! சுபஹுத் தொழுகைக்கு எழும்பினா எங்கட மணிக்கூட்டுக்குச் சத்தமே இல்ல. பகலைக்கு ஒண்டும் நடக்காத மாதிரி அடிக்கிது."

மூக்கையா தொண்டையைச் செருமினான். "கடையில சின்னதா ஒரு பிழை நடந்து போச்சுங்க..."

"யாரு பிழை?" என்றாள் சுப்பம்மா. பையை அவள் இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

"எண்ணெ மாறிப் போச்சு..."

"அது தானா மாறுச்சா?"

சகீனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது யாரு? உங்கட வேலக்காரியா?"

"என் மதினி. இவங்கதான்... மணிக்கூடு பாக்கிறது."

"யா அல்லாஹ்! நீங்க பாக்கிறதெண்டுதானே எனக்குச் சொன்னீங்க! உங்கட கை ராசியான கையெண்டும் சொன்னீங்களே!"

சுப்பம்மா மெதுவாகத் திரும்பினாள். மூக்கையா ஒரு அடி நகர்ந்து கதவோரம் போனான். ஓடிவிடுவான் என்று தோன்றியது. ஆனால் அவள் பார்வை அவனை விடவில்லை. எதிரே சகீனாவும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"போத்தல்ல தேங்காயெண்ணெய நான்தான் ஊத்துனேன்" என்றான். "மதினிக்குத் தெரியாது. பழிய அவங்க மேல போட்டேன். மேசைக்கு வேற ஆளும் பாத்தேன். அந்த ஆள வரவேணாம்னு இன்னைக்கே சொல்லி விடுறேன். மேச அவங்களுக்குத்தான்."

"இத எட்டு வீட்டுலயும் சொல்லணும்" என்றாள் சுப்பம்மா. "இது முதல் வீடு."

கோபம் தணியவில்லை. ஆனாலும் பையை இறக்கினாள்.

"தம்பி, அந்த மேசய ஜன்னல்கிட்ட இழுத்துப் போடுங்க. வெளிச்சம் போதாது."

மூக்கையா கானைக் கீழே வைத்துவிட்டு மேசையை இழுத்தான்.