கழுவித் திருப்பித் தந்த கையுறை

மெல்பேணில் எங்கள் வீட்டில் மகளுக்கென்று பனிச்சறுக்குத் தோல் கையுறை ஒரு சோடி உண்டு. போன குளிர்காலத்தில் சிநேகிதி சுபா அதைத் தன் மகளுக்கு இரவல் வாங்கினார். திரும்பி வந்தபோது அது பளிச்சென்று சவர்க்கார வாசத்துடன் இருந்தது. இரவல் பொருளைக் கழுவாமல் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. நானும் மகிழ்ந்து அப்படியே பையில் வைத்தேன்.

அடுத்த வாரம் நாங்கள் சறுக்கப் போன மலையில் ஈரப்பனி கொட்டியது. அரை மணி நேரத்தில் மகள், “அம்மா, விரல் இருக்கிற மாதிரியே தெரியேல்லை” என்றாள். கழற்றிப் பார்த்தால் கையுறைக்குள் ஒரே தண்ணீர், விரல் நுனிகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. அவற்றை என் அக்குளுக்குள் வைத்து, நிறம் திரும்பும்வரை அசையாமல் நின்றேன்.

தண்ணீர் புகாமலிருக்கக் கையுறைத் தோலில் பூசியிருந்த மெழுகைச் சவர்க்காரம் எடுத்துவிட்டது என்று விளையாட்டுச் சாமான் கடைக்காரர் விளக்கினார். சுபாவிடம் சொன்னேன். “ஐயோ, நான் ரெண்டு தரம் எல்லோ கழுவினனான்” என்றார்.

இப்போது கையுறையை ஈரத்துணியால் துடைத்து, ஹீட்டரிலிருந்து தள்ளி வைத்துக் காயவிட்டு, தையல்களில் மெழுகை அழுத்தித் தேய்க்கிறேன். இரவல் கேட்பவர்களுக்கு மறுப்பதில்லை. “ஊத்தையாத் தந்தாலும் பரவாயில்லை, கழுவ மட்டும் வேண்டாம்” என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் அப்படிச் சொன்னது, மறுபடி இரவல் கேட்டு வந்த சுபாவிடம்தான்.