அடுத்தவர் பந்தைத் தொடக் கூடாது

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ஊரடங்கில் அடைபட்ட டிரைவருக்குக் கையும் சும்மா இருக்கவில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஷிஃப்ட் முடிந்ததும் நகராட்சி கோல்ஃப் மைதானத்துக்குப் போய்ப் பழகியவர். கோல்ஃப் என்றதும் பெரிய மனிதர்கள் ஆட்டம் என்று மிரள வேண்டாம்; அந்த மைதானத்தில் மட்டையை வாடகைக்குக் கொடுப்பார்கள், புல்லில் பாதி களைதான். இப்போது அவர் கூடத்தில் டம்ளரைப் படுக்கவைத்து அதற்குள் பந்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு பந்து டம்ளரை விட்டுவிட்டு அலமாரிக் கண்ணாடியைப் பதம் பார்த்தது.

அவர் மனைவிக்கு மாற்றுச் சிறுநீரகம். அவளுடைய அண்ணன் கொடுத்தது. உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்கத் தினமும் மாத்திரை. அந்த மாத்திரையாலேயே எந்த நோயையும் எதிர்க்கத் திராணி கிடையாது. தொற்று வந்தால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கத்தரிக்காயைக்கூட டிரைவர் குளிப்பாட்டித்தான் வீட்டுக்குள் விட்டார்.

மைதானம் திறந்தபோது அவள்தான் அவரைத் துரத்தினாள். "போய்ட்டு வாங்க. வெட்டவெளிதானே? நோய் வந்து கொல்றதுக்கு முன்னாடி நீங்க பேசியே என்னைக் கொன்னுடுவீங்க."

வாசலில் பலகை வைத்திருந்தார்கள். இரண்டிரண்டு பேராகத்தான் ஆட வேண்டும். குழியில் நட்டிருக்கும் கொடிக்கம்பைத் தொடக் கூடாது. குழிக்குள் ஸ்பாஞ்ச் அடைத்திருந்ததால் பந்து மேலாகவே நிற்கும், நகத்தால் நெம்பி எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவர் பந்தைத் தொடக் கூடாது என்பது மட்டும் சிவப்பு எழுத்தில் இருந்தது.

டிரைவருக்கு ஜோடி பழைய சிநேகிதர் பிளம்பர். அடைப்பு எடுப்பதிலும் பெருமை அடிப்பதிலும் கெட்டிக்காரர்.

"மாஸ்க் போட்டா உன் மூஞ்சி பாக்கற மாதிரி இருக்குய்யா," என்றார்.

"உன் மூஞ்சிக்கு ரெண்டு போடணும்," என்றார் டிரைவர், நான்கு அடி தள்ளி நின்றே.

சில வாரம் ஒழுங்காகப் போனது. பிறகு மழை விட்ட ஒரு காலையில், தூரத்திலிருந்து ஒரு பந்தையும் உருப்படியாகக் குழிக்குள் தள்ளியறியாத பிளம்பர், புல்தரை ஓரத்திலிருந்து தட்டினார். பந்து வளைந்து நெளிந்து வந்து குழியில் உட்கார்ந்தது. பிளம்பர் மட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்தார். குழிக்குப் பக்கத்தில் நின்ற டிரைவர் சிரித்தபடியே குனிந்து, பந்தை எடுத்து, தாடைக்கு இறங்கியிருந்த மாஸ்க்குக்கு மேலே கட்டைவிரலை நாக்கில் தொட்டு, சேற்றைத் துடைத்து, அவரிடம் நீட்டினார். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் செய்துவந்தார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

வாங்கிய பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

"யோவ், என்னய்யா பண்ணின?"

"கை தானா போயிடுச்சு," என்றார் டிரைவர்.

வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்றே மனைவியிடம் நடந்ததைச் சொன்னார்.

"அவருக்கு என்ன நோயா இருக்கு? சும்மா உள்ள வாங்க."

"இல்லன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, கொல்லைப்புறமாகச் சுற்றிப்போய்ப் பின்னறையில் அடைந்துகொண்டார். மறுநாளே பிளம்பர் போனில் கூப்பிட்டார். காய்ச்சலாம். பரிசோதனையில் தொற்று என்று வந்திருக்கிறது. "என்னை விடு, உன் வீட்டம்மாவைப் பாத்துக்க," என்று இருமினார்.

அவள் ஸ்டூலில் தட்டை வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு விலகிப் போவாள். தன் தொண்டை கரகரத்தால் போதும், டிரைவர் பயந்து சாவார். தனக்காக அல்ல. பிளம்பரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்றும், அப்படியேதான் இருக்கிறார் என்றும் அவள் கதவுக்கு வெளியிலிருந்து சொன்னாள்.

ஒருவழியாக டிரைவரின் பரிசோதனை முடிவு வந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை. குளித்து, முகம் மழித்து, கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தார். அவள் தெருக்கதவருகே முகக்கவசத்தோடு நின்றிருந்தாள். காலில் செருப்பு இருந்தது.

"கிட்ட வராதீங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சு."

"தெரியும். இப்ப நான்தான் தள்ளி இருக்கணும். பிளம்பர் வீட்டுக்குப் போய்ட்டு வந்தேன். அவர் சம்சாரத்தைக் கட்டிப் பிடிச்சுட்டேன்."

டிரைவருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? உன் உடம்பு என்ன உடம்பு? நான் இத்தனை நாள் உள்ள கெடந்தது யாருக்காக? அந்தம்மாவுக்கும் ஒட்டியிருந்தா என்ன பண்ணுவ? போன்ல பேசினா ஆகாதா?"

அவர் கத்தி ஓய்ந்ததும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"காலையில அவர் போயிட்டாருங்க. ஆஸ்பத்திரியில அவளுக்கு மூஞ்சியைக்கூடக் காட்டலையாம். வாசல்ல தனியா நின்னுட்டிருந்தா. வெளியவே நின்னு பேசிட்டு வந்துடணும்னுதான் போனேன். முடியல."

டிரைவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். அவள் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படுக்கை விரிப்பை மாற்றாமல் வந்துவிட்டோமே என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. பிறகு கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே அவள் அழுவது கேட்டது. அவரும் அழுதார்.