கரும்புக்காட்டில் பெரிய லென்ஸ்

கரும்புச் சோகை எரியும் வாசனை எங்கே வந்தாலும் என் இடது தோள் வலிக்கத் தொடங்கிவிடும். மோகனூர்ப் பக்கம் ஒரு விடிகாலை, மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும் லென்ஸை அந்தத் தோளில் சாத்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

ஆற்றுப் பறவைகளைப் படமெடுக்கத்தான் சேலத்திலிருந்து போயிருந்தேன். முந்தின சாயங்காலம் காட்டுக்காரம்மா ஒருவர் வழிமறித்தார். அவருடைய கரும்புக்குள் சிறுத்தை இருக்கிறதென்று வெட்டு ஆட்கள் இறங்க மறுத்துவிட்டார்களாம். காலையிலும் இறங்காவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். ஆலை கொடுத்த வெட்டு உத்தரவு தவறிப்போகும், நின்ற கரும்பு காய்ந்து எடை இறங்கும்.

"அது காட்டுப்பூனைங்க. நாஞ் சொன்னா எவன் நம்பறான்? நீங்க ஒரு படம் புடிச்சுக் காட்டுங்க."

வெளிச்சம் இன்னும் வரவில்லை. வாய் அகன்ற லென்ஸ் அது, அரை இருட்டிலும் படம் தரும். ஆனால் அப்படி முழுக்கத் திறந்தால் ஒரு சாண் ஆழம்தான் கூர்மை, அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் கரைந்துபோகும். திறப்பைக் குறுக்கினால் ஆழம் கிடைக்கும், கை நடுக்கமும் படத்தில் ஏறும். எதை விடுவது? திறந்தே வைத்தேன்.

கரும்பு அசைந்தது. நாற்பதடியில் ஒரு தலை, பிறகு உடல். மூச்சை நிறுத்தி அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். திரும்பி உள்ளே போய்விட்டது.

காட்டுக்காரம்மாவோடு வெட்டு ஆட்கள் வந்ததும் அவர்களுடைய மேஸ்திரியிடம் கேமராத் திரையைக் காட்டினேன். மயிரை எண்ணலாம், அத்தனை துல்லியம். அவர் முகம் இருண்டது.

"ஏனுங்க, இதையா பூனைங்கறீங்க? இந்தத் தண்டி இருக்குது."

"இதை ஊட்ல வளத்தா, பாலுக்கே ரெண்டு மாடு வேணும்," என்றார் பின்னால் நின்ற ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படம் முழுக்க விலங்கு மட்டுமே. பக்கத்தில் அளவு சொல்ல ஒரு புல்கூட இல்லை. லென்ஸ் தூரத்தைத்தான் இழுத்து வந்திருந்தது, உருவத்தின் அளவை அங்கேயே விட்டுவிட்டது.

படங்களைப் பின்னுக்குத் தள்ளினேன். முதலாவது, கெட்டுப்போன படம். கூர்மை விலங்கின்மேல் விழாமல் ஒரு கரும்பின் அடியில் ஒட்டியிருக்க, விலங்கு அதையொட்டி மங்கலாய் நின்றது. அதையும் தள்ளப்போனேன், மேஸ்திரி என் மணிக்கட்டைப் பிடித்தார். திரையில், கரும்பின் அடியிலிருந்து விலங்கின் முதுகு மட்டம் வரை கணுக்களை எண்ணினார். போய், நின்ற கரும்பொன்றில் கொடுவாள் நுனியால் அதே எண்ணிக்கையைத் தொட்டார். அவர் முழங்காலுக்குக் கீழேயே முடிந்தது.

"முதுவு நாலாங் கணுவுக்கு எட்டல. பூனைதானுங்க."

காட்டுக்காரம்மா அப்போதுதான் மூச்சுவிட்டார்.

"உள்ள வேற ஒண்ணு இருக்காதுன்னு இந்தப் படம் சொல்லுமுங்களா?" என்றார் மேஸ்திரி என்னைப் பார்த்து. துண்டைத் தலையில் இறுக்கிக்கொண்டு முதல் சாலில் கால் வைத்தவர், திரும்பினார்.

"நாங்க கத்துனா ஓடியாங்க. அந்தக் குழாயக் கண்ணுல வெச்சுக்கிட்டு நின்னுறாதீங்க."